கடலோரத்தில் சின்ன ரூம் கட்ட எந்தக் கலவை? தளம், கட்டு, பூச்சு எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு சரியா?

தேரடி வாசி:

வணக்கம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீடு, கடல் நடக்கிற தூரம்தான். பின்பக்கக் காலி இடத்தில் அம்மாவுக்காக 10க்கு 12 அடியில் ஒரு ரூம், அதை ஒட்டி ஒரு பாத்ரூம், வெளியே மாடிப்படி, இவ்வளவுதான் வேலை. சுவர் 9 இஞ்ச், மேலே கான்கிரீட் தளம். மேஸ்திரி எங்கள் ஏரியாவில் நிறைய வீடு கட்டியவர், நல்ல மனிதர். கான்கிரீட்டுக்கு எல்லா இடத்திலும் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி), கட்டு வேலைக்கும் பூச்சுக்கும் 1:5 (சிமெண்ட், மணல்), தண்ணீருக்கு வீட்டு போரே போதும் என்கிறார். சிமெண்ட் 53 கிரேடுதான் வாங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் சன்ஷேடு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தொங்குகிறது. எல்லாமே பழைய வீடு என்றும் சொல்ல முடியாது. சிமெண்டைக் கூட்டிப் போட்டால் அது வராமல் இருக்குமா, இல்லை காரணம் வேறா? எந்த வேலைக்கு என்ன கலவை என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் சண்டை இல்லாமல் பேச வேண்டும், அதற்குக் கையில் விவரம் இருந்தால் நல்லது.

ரசமட்டம்:

1:2:4 என்பது எம் 15 கணக்கு, எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தர எண். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்கிற குறைந்தபட்சமே எம் 20, அதுவும் கடல் காற்று படாத, மழை வெயில் நேரடியாகப் படாத இடத்துக்கு. திருவொற்றியூருக்கு அது பொருந்தவே பொருந்தாது. 1:2:4 தளத்துக்கு வேண்டாம், பில்லருக்கும் வேண்டாம். தரைக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கேயும் 1:3:6 அல்லது 1:4:8 போதும்.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி:

தம்பி, நானும் கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவன்தான். உங்கள் மேஸ்திரி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாருமே 1:2:4 என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஒரு விஷயம், 1:2:4 என்று வாயால் சொல்கிறோமே தவிர கலக்கிற இடத்தில் அதுவும் நடப்பதில்லை. சட்டிக் கணக்கில் அள்ளுவார்கள். காலையில் ஆள் தெம்பாக இருக்கும்போது குவித்து அள்ளுகிற சட்டிக்கும், மத்தியானம் வெயிலில் அள்ளுகிற சட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே தளத்தில் இந்த மூலை ஒரு கலவை, அந்த மூலை ஒரு கலவை.

இதற்கு நான் செய்வது பலகையில் ஒரு அளவுப் பெட்டி. உள் அளவு 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். அது 35 லிட்டர், ஒரு மூட்டை சிமெண்டின் அளவு. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி என்றால் 1:1.5:3, எம் 20 கணக்கு. பெட்டியை நிரப்பி மேலே கட்டையால் வழித்துவிட வேண்டும், குவித்து அள்ளக் கூடாது. சித்தாளுக்குச் சொல்லிப் புரியவைக்கவும் சுலபம். தச்சரிடம் சொன்னால் அரை நாளில் செய்துகொடுத்துவிடுவார்.

மாதவரம் சைட் இன்ஜினியர்:

மேஸ்திரி அண்ணன் சொன்ன பெட்டியை நான் முழுசாக ஆதரிக்கிறேன். ஆனால் தேரடி வாசி சார் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டியில் இல்லை, தண்ணீர் வாளியில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1:1.5:3 போட்டால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோ சிமெண்ட், அதாவது 8 மூட்டை போகும். கடலோரக் காற்று படுகிற கான்கிரீட்டை ஐ.எஸ் 456 கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்கு அது கேட்பது: குறைந்தது எம் 30, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட், அதைத்தான் கவர் என்பார்கள். பாருங்கள், சிமெண்ட் 320 போதும் என்கிறது, நாம் ஏற்கெனவே 400 போடுகிறோம். அப்புறம் ஏன் சன்ஷேடு விழுகிறது? மூட்டைக்கு 22 லிட்டர் விட வேண்டிய இடத்தில் 32, 35 லிட்டர் விடுவதால்தான்.

சிமெண்ட் இறுகுவதற்கு அந்தத் தண்ணீர் முழுக்கத் தேவையில்லை. மிச்சத் தண்ணீர் உள்ளேயே நின்று, காய்ந்து வெளியேறும்போது தலைமயிரைவிட மெல்லிய துவாரங்களை விட்டுவிட்டுப் போகிறது. அந்த வழியாகத்தான் கடல் காற்று உப்பில் வருகிற குளோரைடு உள்ளே இறங்குகிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பி மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும், குளோரைடு போய்ச் சேர்ந்தால் அது உடையும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து பெயர்கிறது. நீங்கள் தெருவில் பார்க்கிறது அதுதான். சிமெண்டைக் கூட்டிவிட்டுத் தண்ணீரையும் சேர்த்துக் கூட்டினால் செலவுதான் மிச்சம்.

அதனால் தளத்துக்கு, சன்ஷேடுக்கு, படிக்கட்டுக்கு, பில்லருக்கு என் கணக்கு: மூட்டைக்கு அதிகபட்சம் 22.5 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். ஒன்றரைப் பெட்டி மணலில் 5 சதவீதம் ஈரம் என்றாலே அதற்குள் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் இருக்கிறது.

தேரடி வாசி:

சார், ரொம்ப நன்றி. 22 லிட்டரில் கலவை புரளுமா? மேஸ்திரி "மண்ணு மாதிரி இருக்கும், கம்பிக்குள்ளே இறங்காது" என்பார் என்று நினைக்கிறேன்.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி:

கண்டிப்பாகச் சொல்வார், அவர் சொல்வதும் நிஜம்தான். கையால் கலக்கி, சட்டியில் தலைச்சுமையாக மேலே ஏற்றி, கம்பியால் குத்திவிடுகிற வேலையில் 22 லிட்டர் கலவை வேலைக்கே ஆகாது. கம்பிக்கு அடியில் ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும், அது அதிகத் தண்ணீரைவிட மோசம். மேஸ்திரியைத் தண்ணீர் குறைக்கச் சொல்கிற வீட்டுக்காரர்கள் மிக்ஸர் மிஷினும், கலவையை அதிர்த்து இறுக்குகிற வைப்ரேட்டரும் வாடகைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு கலவையை மட்டும் கெட்டியாகப் போடச் சொன்னால் ஆள் என்ன செய்வான்? சித்தாள் கண்ணெதிரே வாளியைக் கவிழ்க்காமல் நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கவிழ்ப்பாள், அவ்வளவுதான்.

மாதவரம் சைட் இன்ஜினியர்:

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. அதோடு மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும்: தண்ணீரைக் குறைத்துக்கொண்டே கலவையை இளக்கும் கெமிக்கல், சைட்டில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். கேனில் எழுதியிருக்கிற அளவில் மூட்டைக்கு எவ்வளவு மில்லி என்று பார்த்து, அளந்த தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். கண்ணளவில் ஊற்றக் கூடாது, கூடிப்போனால் இறுகவே நேரமாகும், ஜல்லி தனியாகப் பிரியும்.

சரியான கலவை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. மிஷினிலிருந்து கொட்டியதும் மண்வெட்டியால் ஒரு குவியலாக இழுத்து வையுங்கள். குவியல் மெதுவாக உட்கார்ந்து, ஜல்லி மேலெல்லாம் சாந்து பூசினாற்போலப் பளபளவென்று நிற்க வேண்டும். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் தனியாகக் கசிந்து ஓடினால் அது அதிகத் தண்ணீர். குவியலின் அடியில் ஜல்லி மொட்டையாக உருண்டு வந்தால் மணல் போதவில்லை. 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பு ஒன்று கிடைத்தால் சரிவு சோதனை செய்யலாம், சின்னத் தளத்துக்கு 7.5 முதல் 10 சென்டிமீட்டர் உட்கார்ந்தால் சரி.

இன்னொன்று. ஐ.எஸ் 456 பெட்டிக் கணக்குக் கலவையை எம் 20 வரைதான் ஒத்துக்கொள்கிறது. எம் 25, அதற்கு மேல் என்றால் உங்கள் சிமெண்ட், உங்கள் மணல், உங்கள் ஜல்லியை வைத்து ஆய்வகத்தில் டிசைன் செய்துதான் வாங்க வேண்டும். சென்னையில் பொருள் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகளிலும் செய்கிறார்கள். சின்ன வேலைக்கு யாரும் போவதில்லை என்பது தெரியும். ஆனால் கடலோரத்தில் கட்டுகிறவர்கள் போவதுதான் முறை. முடியாதவர்கள் குறைந்தபட்சம் 1:1.5:3, 22.5 லிட்டர், பிளாஸ்டிசைசர், வைப்ரேட்டர், இந்த நாலையும் விடாமல் பிடியுங்கள். இது சான்றிதழ் கையில் உள்ள எம் 30 ஆகாது, ஆனால் தெருவில் நடக்கிற வேலையைவிட எவ்வளவோ மேல்.

எர்ணாவூர் அக்கா:

தண்ணீர் அளவு பற்றிப் பேசுகிறீர்கள், எந்தத் தண்ணீர் என்று யாரும் பேசவில்லையே. திருவொற்றியூரில் போர் தண்ணீரில் கலக்கவே கலக்காதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் உள்ளே வந்தது இன்று நேற்று கதையில்லை, பல வருடமாக ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிவருகிற விஷயம். நம் பகுதியில் கரையை ஒட்டியிருக்கிற போரில் என்ன வரும்?

மணலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்தபோது சப்ளை செய்தவர் இறக்கிய லோடில் மணல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொடியாக, வெளிறின நிறத்தில். பிறகு ஒரு நாள் மிச்சம் கிடந்ததை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பார்த்தால் நடுநடுவே மின்னுகிறது, எல்லாம் கிளிஞ்சல் துணுக்கு. கடற்கரை மணலைக் கலந்திருக்கிறார்கள். இப்போதும் மழை விட்டுக் காய்கிற சமயத்தில் ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூக்கும், துணியால் துடைத்தால் போகும், திரும்ப வரும், பெயிண்ட் அப்பளம் அப்பளமாகக் கழன்று விழும். அது பூச்சு என்பதால் கொத்தி எடுத்துவிடலாம். தளத்துக்குள் போயிருந்தால்?

மாதவரம் சைட் இன்ஜினியர்:

அக்கா சொன்னதற்கு எண் சேர்க்கிறேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ் 456. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000. சல்பேட் 400. சாப்பாட்டு உப்பின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் குளோரைடு, அதனால் உப்புப் போரில் டி.டி.எஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) ஆயிரத்துக்கு மேல் காட்டினாலே 500ஐத் தாண்டியிருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். டி.டி.எஸ் மீட்டர் குளோரைடை மட்டும் பிரித்துக் காட்டாது, சந்தேகம் வந்தால் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உங்கள் ரூமின் தளம் சுவரோடு சேர்த்து 11.5க்கு 13.5 அடி. 5 இஞ்ச் கனம் என்றால் சுமார் 65 கன அடி, 1.83 கன மீட்டர். சிமெண்ட் 15 மூட்டை. மூட்டைக்கு 22.5 லிட்டர் வீதம் மொத்தத் தளத்துக்கும் கலக்கத் தேவையான தண்ணீர் 340 லிட்டர்தான்! ஒரு 500 லிட்டர் டேங்க்கூட நிறையாது. இந்த 340 லிட்டர் நல்ல தண்ணீருக்குக் கணக்குப் பார்த்து போர் தண்ணீரை விடுகிறோம், அதனால் தளத்தையே இழக்கிறோம். லாரித் தண்ணீர் வாங்கி ஒரு டேங்க்கில் பிடித்து வையுங்கள், அதையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். க்யூரிங் செய்யவும், அதாவது போட்ட கான்கிரீட்டைக் காயாமல் ஈரமாக வைக்கவும், அதே நல்ல தண்ணீர்தான். உப்புத் தண்ணீரைத் தளத்தின் மேல் தேக்கி வைத்தால் கடலே வந்து உட்கார்ந்த மாதிரி.

மணலுக்கு எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) வாங்குங்கள், பொதுப்பணித்துறை தர மதிப்பீடு பெற்ற கிரஷரிலிருந்து வந்ததா என்று ரசீதோடு கேளுங்கள். மலைக்கல்லை உடைத்ததில் கடல் உப்பு இருக்காது. ஆனால் கிரஷர் தூசியையே எம் சாண்ட் என்று விற்பவர்களும் உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், அதற்கு மேல் தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால் தூசி மேலே தனிப் படலமாக உட்காரும். அந்தப் படலம் கனமாக இருந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

ரசமட்டம்:

கவர் விடுவதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கட்டி, கவர் பிளாக், அந்த விஷயத்தை நான் சொல்கிறேன், எல்லாரும் கோட்டைவிடுவது அங்கேதான். கம்பியைக் கட்டிவிட்டு அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் சொருகுவார்கள். வேலை நடக்கிறபோது ஆள் மேலே நடப்பான், ஜல்லி நழுவும், கம்பி போய் சென்ட்ரிங் தகட்டில் படுக்கும். சென்ட்ரிங் பிரித்ததும் அடியில் கோடு கோடாகக் கம்பி தெரிந்தால் அதற்கு இதுதான் காரணம். அதை மறைக்க மேஸ்திரி சாந்து பூசுவார், பூசியதும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

கடைகளில் கான்கிரீட் கவர் பிளாக் ரெடியாகக் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள், 30, 40, 50 என்று அளவில் இருக்கும். மெலிந்த சாந்தில் சைட்டிலேயே வார்த்தது வேண்டாம், உப்பு முதலில் அதன் வழியாகத்தான் ஏறும்.

தேரடி வாசி:

45 மில்லிமீட்டர் கவர் என்றால் 5 இஞ்ச் தளத்தில் கம்பி நடுவிலேயே வந்துவிடாதா?

மாதவரம் சைட் இன்ஜினியர்:

நல்ல கேள்வி சார். 5 இஞ்ச் என்பது 125 மில்லிமீட்டர். அடியில் 45 விட்டால் கம்பி மேலே போய்த் தளத்தின் பலம் நிஜமாகவே குறையும். அதனால் கவரை மட்டும் கூட்டிவிட்டுக் கனத்தை அப்படியே விடக் கூடாது. ரூமுக்கு உள்ளே இருக்கிற அடிப்பக்கம் உப்புக் காற்றிலிருந்து மறைந்த இடம், அதை மிதமான சூழல் என்று எடுத்து 30 மில்லிமீட்டர் கவர் கொடுக்க வழி இருக்கிறது. சன்ஷேடு, வெளிப் படிக்கட்டு, வெளியே தெரிகிற பில்லர் முகம் இதற்கெல்லாம் 45. கனத்தை 6 இஞ்ச் ஆக்குவதா, கம்பி இடைவெளியை மாற்றுவதா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இணையத்தில் எழுதி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. சின்ன ரூம்தானே என்று அவருக்குக் கொடுக்கிற ஃபீஸை மிச்சம் பிடிக்காதீர்கள், அம்மா படுக்கப்போகிற இடம்.

சன்ஷேடில் மெயின் கம்பி மேல்பக்கம் வர வேண்டும், அது மிதிபட்டு கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் விழுந்ததில் பாதி அப்படித்தான் இருக்கும்.

ரசமட்டம்:

53 கிரேடு பற்றி யாரும் சொல்லவில்லை. சார் அது தேவையே இல்லை. சீக்கிரம் இறுகும், சூடு அதிகம், நம் ஊர் வெயிலில் வெடிப்பு விடும். பி.பி.சி வாங்குங்கள், சாம்பல் கலந்த சிமெண்ட். கிடைத்தால் பி.எஸ்.சி, ஸ்லாக் கலந்தது, உப்புக்கும் சல்பேட்டுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும்.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி:

பி.பி.சி என்றால் எங்கள் ஆட்களுக்குப் பயம், மெதுவாகத்தானே இறுகும். இரண்டாவது நாளே மேலே ஏறி வேலை செய்ய முடியாது.

ரசமட்டம்:

அந்தப் பயம் நியாயம்தான் அண்ணே, மெதுவாகத்தான் பலம் ஏறும். அதனால்தான் க்யூரிங்கும் கூடுதல். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் குறைந்தபட்சம் என்றால் கலப்பு சிமெண்டுக்கு 10, வெயில் காலத்தில் 14. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், பில்லருக்குச் சாக்கு சுற்றி ஈரம் காயாமல் வையுங்கள். சும்மா ஹோஸ் பிடித்துக் காலையில் ஒருமுறை நனைத்துவிட்டுப் போவது க்யூரிங் இல்லை. இந்த அகலத் தளத்துக்குச் சாதாரண சிமெண்ட் என்றாலே முட்டு 7 நாள் நிற்க வேண்டும், பி.பி.சி என்றால் 10 நாளுக்குக் குறைந்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

மூட்டையில் எந்த வாரம், எந்த வருடம் என்று அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். கடல் காற்றில் மூட்டை சீக்கிரம் கட்டி தட்டும். தரையில் போடாமல் பலகை மேல், சுவரில் படாமல், தார்ப்பாயில் மூடி வையுங்கள்.

தேரடி வாசி:

குறித்துக்கொண்டேன். ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் இந்தத் தலைவலி எல்லாம் இருக்காதே என்று மச்சான் கேட்கிறான்.

மாதவரம் சைட் இன்ஜினியர்:

தரம் என்று பார்த்தால் ரெடிமிக்ஸ்தான் சிறந்தது, டிசைன் செய்த எம் 30 சீட்டோடு வரும். ஆனால் ஒரு வண்டியில் ஆறு கன மீட்டர் ஏற்றுவார்கள், உங்களுக்குத் தேவை இரண்டு சொச்சம். அரைகுறை லோடுக்குத் தனிக் கட்டணம், பம்ப்புக்குத் தனி. தேரடிச் சந்துகளில் அந்த வண்டி திரும்புமா என்று முதலில் பாருங்கள். தூரத்தில் நிறுத்திவிட்டு ஆள் வைத்துச் சுமந்தால் நேரம் ஓடும், கலவை இறுக ஆரம்பிக்கும், டிரைவரே தண்ணீரை அடித்து இளக்கிக் கொடுத்துவிடுவார், போட்ட காசு வீண். பக்கத்து வீட்டிலும் அன்றைக்கே தளம் போடுகிறார்கள் என்றால் சேர்ந்து எடுக்கலாம். இல்லையென்றால் மிக்ஸர் மிஷின்.

ராயபுரம் சுண்ணாம்பு:

கான்கிரீட் பேச்சு முடிந்ததா? கட்டு வேலைக்கு வருவோம். இங்கேதான் சிமெண்ட் கூடினால் நல்லது என்கிற நம்பிக்கை நிறைய கெடுதல் செய்கிறது.

9 இஞ்ச் சுவருக்கு 1:6 தாராளம். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவருக்கு மட்டும் 1:4. 1:6 சாந்து சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் தாங்கும், ஒரு மாடி ரூமின் சுவருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. சாந்து செங்கல்லைவிடக் கெட்டியாகப் போனால் சுவர் லேசாக அசைந்தாலும் வெடிப்பு சாந்தில் வராமல் செங்கல்லைக் கிழித்துக்கொண்டு போகும். சாந்தில் வந்த வெடிப்பை அடைக்கலாம், செங்கல் பிளந்தால் என்ன செய்வீர்கள்?

உங்கள் பழைய வீடு எந்தக் காலத்தது? ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கமெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு வைத்துக் கட்டிய ஊர் இது. அந்த மாதிரிச் சுவரை ஒட்டிப் புது ரூம் கட்டுகிறீர்கள் என்றால் பழைய சுவர் மேல் சிமெண்ட் பூச்சு போடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசி மூடினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கும், கடைசியில் செங்கல் முகமே மாவாக உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் வைத்துப் பூசுங்கள். புதுச் சுவருக்குக்கூட வெளிப்பூச்சில் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 போட்டுப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு குறையும், கரண்டியில் வெண்ணெய் மாதிரி வரும்.

தேரடி வாசி:

எங்கள் வீடு 90களில் கட்டியது சார், சிமெண்ட் சுவர்தான். கல்லுக்கு ஃப்ளை ஆஷ் (சாம்பல்) செங்கல் வாங்கலாமா? மணலிப் பக்கம் நிறைய இடத்தில் விற்கிறார்கள். சேம்பர் செங்கல் (சூளையில் சுட்ட களிமண் கல்) நல்லதா?

கொருக்குப்பேட்டை மேஸ்திரி:

இரண்டுமே கட்டலாம், கட்டும் முறை வேறு. சேம்பர் செங்கல்லைத் தொட்டியில் போட்டு காற்றுக் குமிழி விடுவது நிற்கிற வரை ஊறவைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்திலிருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து மணலாகவே நின்றுவிடும். ஃப்ளை ஆஷ் கல்லை அப்படி ஊறவைக்காதீர்கள், மேலே தெளித்தால் போதும், ஊறிய கல் வழுக்கும், பிறகு சுருங்கிப் பூச்சில் வெடிப்பு காட்டும். ஃப்ளை ஆஷ் கல் ஒரே அளவில் இருப்பதால் சாந்து குறையும், மூட்டு 10 மில்லிமீட்டரில் நிற்கும். கல் வாங்கும்போது இரண்டை மோதிப் பாருங்கள், ஒரு கல்லை இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டுப் பாருங்கள், உடைந்தால் வாங்காதீர்கள்.

சிலர் எண்ணூர்ப் பக்கம் சாம்பலை அள்ளிவந்து மணலோடு கலப்பார்கள். குளத்தில் கொட்டிய சாம்பல் வேறு, சிமெண்டில் கலக்கிற சாம்பல் வேறு. அதைச் சாந்தில் சேர்க்க விடாதீர்கள்.

கலந்த சாந்தை இரண்டு மணி நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும். சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து இறுகினதைத் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது எல்லா சைட்டிலும் நடக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சின்னக் கலவையாகப் போடச் சொல்லுங்கள், அது உங்கள் மேஸ்திரிக்கே பிடிக்கும்.

எர்ணாவூர் அக்கா:

பேஸ்மெண்ட் உயரத்தை மறந்துவிடாதீர்கள் தம்பி. 2015லும் 2023 மிக்ஜாமிலும் நம் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்று பழைய சுவரில் கறை இருக்கும், அதற்கு மேலே வையுங்கள். சுவர் எழுப்புவதற்கு முன்னால் ஓதம் ஏறாமல் ஒரு கான்கிரீட் பட்டை போடுவார்களே, அதை யாரும் போடுவதில்லை இப்போது. பிளிந்த் பீம் (பேஸ்மெண்ட் மட்டத்தில் சுவருக்கு அடியில் வரும் கம்பி போட்ட பீம்) இருந்தால் போதும் என்கிறார்கள்.

மாதவரம் சைட் இன்ஜினியர்:

பிளிந்த் பீம் நன்றாக நெருங்கி அமைந்திருந்தால் அதுவே ஓதத்தைத் தடுக்கும் அக்கா. இல்லாத இடத்தில் ஒன்றரை இஞ்ச் கனத்தில் 1:1.5:3, பொடி ஜல்லி போட்டு, வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து ஒரே நாளில் முழு நீளத்துக்கும் போட வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் சேருமிடத்தில் ஏறும்.

பூச்சுக்கு: உள்ளே 12 மில்லிமீட்டர், 1:5 அல்லது 1:6. வெளியே 1:4, இரண்டு கோட், மொத்தம் 18 முதல் 20 மில்லிமீட்டர். சீலிங்குக்கு 1:3, 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். பூச்சுக்கு பி சாண்ட் (பூச்சு வேலைக்கான பொடி எம் சாண்ட்) தனியாக வாங்குங்கள். பில்லரும் சுவரும் சேருகிற கோட்டில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோடு அப்படியே வெடிப்பாகத் தெரியும். பூசின மேல் காய்ந்த சிமெண்டைத் தூவி மணியாசுக் கட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்குவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மேலே ஒரு தோல் மாதிரி நின்று, சுருங்கி, வலைவலையாக வெடிக்கும்.

தேரடி வாசி:

மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். அளவுப் பெட்டிக்கு உடனே சரி என்றார், மிக்ஸரும் வைப்ரேட்டரும் நான் எடுத்துத் தருகிறேன் என்றதும் தண்ணீர்க் கணக்குக்கும் ஒத்துக்கொண்டார். இன்ஜினியர் ஒருவரைப் பிடித்துத் தளத்தை 6 இஞ்ச் ஆக்கி வரையச் சொல்லியிருக்கிறேன். போர் தண்ணீர் மீட்டரில் 2,400 காட்டியது, அதைத் தொடவில்லை, லாரிதான். கடைசியாக ஒன்று, தளத்துக்கு மேலே என்ன போடுவது? தட்டோடா, கெமிக்கலா?

ராயபுரம் சுண்ணாம்பு:

செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு. மூன்று இஞ்ச் கனத்தில் பரப்பி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும், அதற்கு மேல் தட்டோடு. தண்ணீர்ப் பைப் பக்கம் சரிவு. ரூமுக்குள் சூடும் இறங்காது. அடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேட்டால் இன்னும் கிடைக்கிறார்கள். கான்கிரீட் தளத்தின் க்யூரிங் முழுசாக முடிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

மாதவரம் சைட் இன்ஜினியர்:

எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை, சூட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது. தட்டோட்டின் மூட்டு மட்டும் வாட்டர்ப்ரூஃப் கலந்த 1:3 சாந்தில் அழுத்தி அடைக்க வேண்டும்.

கான்கிரீட் போடுகிற அன்றைக்கு அதே கலவையில் மூன்று கியூப் (சோதனைக் கட்டி) எடுத்து வையுங்கள், 15 சென்டிமீட்டர் அச்சு சோதனைக்கூடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும், 28வது நாள் உடைத்துப் பார்த்தால் என்ன கலவை போட்டோம் என்று தெரிந்துவிடும். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன்னால், கவர் பிளாக் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதவரத்திலிருந்து நானே வந்து பார்க்கிறேன்.